ஜெனரல் வார்டு: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

பெண்டாட்டிக்கு முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. வலது கால் ரொம்ப மோசம். பாலிகிளினிக் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பும் எலும்பும் உரசும் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இவள் அதைப் பார்க்கவே இல்லை, சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கிடைத்தது. சர்க்கரை மாத்திரை ஸ்டாக் இல்லை, 'என்ஏ' முத்திரை குத்தி வெளிக்கடைக்குச் சீட்டு கொடுத்தார்கள். வீடு வந்து சேர மூன்று மணி.

நவம்பர் 4

பையன் போன் செய்தான். "அந்த ஓசி ஆஸ்பத்திரியை நம்பி அம்மாவைக் கூட்டிக்கிட்டு அலையாதீங்கப்பா, நான் இன்ஷூரன்ஸ் போடறேன்."

ஓசியாம். 1996 ஜனவரிக்கு முன்னால் ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்களிடம் இசிஎச்எஸ்ஸுக்கு, அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கு, சந்தா வாங்கவில்லை, அதை வைத்துச் சொல்கிறான். இப்போது ரிட்டயர் ஆகிறவர்கள் ஹவில்தார் வரை 30,000, நாயப் சுபேதார், சுபேதார் மாதிரி ஜேசிஓக்கள் 67,000, ஆபீசர் 1,20,000 கட்டித்தான் சேர்கிறார்கள். ஒரே தடவை, அப்புறம் ஆயுசுக்கும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் உண்டு. திட்டம் வந்ததே 2003 ஏப்ரலில்தான். அதுவரை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஊர் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு மீட்டிங்காம், வைத்துவிட்டான்.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏசி ஹால், கண்ணாடிக் கதவு. ரெஃபரலைப் பார்த்ததும் அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தாமலே, "இசிஎச்எஸ்ஸா? அந்தக் கடைசி கவுன்டர்." கடைசி கவுன்டரில் ஆள் இல்லை. வந்தவர், இப்போது பெட் இல்லை, டிசம்பர் முதல் வாரத்துக்குப் பெயர் எழுதி வைக்கிறேன் என்றார். ஜெனரல் வார்டுதானே என்று கேட்டார், கேள்வியாகக் கூட இல்லை, அட்டையைப் பார்த்துவிட்டுத்தான். பக்கத்தில் பணம் கட்டுகிறவருக்கு வரும் திங்கட்கிழமையே ஆபரேஷன்.

கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. இவர்கள் பில் ஆன்லைனில் ஏறி, பில் பார்க்கும் ஏஜென்சியிடம் போய், அங்கே கேள்வி கேட்டு, வெட்டி, ரீஜினல் சென்டர் கையெழுத்தாகி, காசு வர மாசக்கணக்கு ஆகும். ரேட்டும் மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் ரேட். காசு உடனே தருகிறவனை முன்னால் உட்கார வைப்பது கடைக்காரப் புத்தி. யூனிட்டில் கிளார்க்காக இருந்தவனுக்குத் தெரியாதா ஒரு ஃபைல் எங்கெங்கே தூங்கும் என்று.

ஆனாலும் அந்தப் பெண் முகத்தை நிமிர்த்தியிருக்கலாம்.

நவம்பர் 7

ராத்திரி முழுக்க இவள் தூங்கவில்லை. நானும்.

நவம்பர் 9, ஞாயிறு

பையன் அனுப்பிய ஏஜென்ட் வந்தார். நல்ல பிள்ளை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ஃப்ளோட்டர், வருஷத்துக்கு 82,000. செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, இதைவிட நல்ல நேரம் வராது சார் என்றார். 65 வயசைத் தாண்டினால் புது பாலிசி தர மாட்டார்கள் என்ற பழைய கதையும் 2024-லேயே போய்விட்டதாம்.

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு? இரண்டு வருஷம் காத்திருக்கணும் சார். இவள் சர்க்கரை, என் பிரஷர்? ஏற்கெனவே இருக்கிற வியாதி என்றால் மூன்று வருஷம், முன்பு நாலாக இருந்தது, இப்போது குறைத்துவிட்டார்கள். அது போக ஒவ்வொரு க்ளைமிலும் இருபது சதவீதம் நம் கையிலிருந்து.

"அப்ப நாளைக்கு எதுக்குத்தாம்பா குடுப்பீங்க?" என்று இவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆக்சிடென்ட்டுன்னா முதல் நாளே உண்டும்மா."

படிவத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் காயம், அறுவை சிகிச்சை ஏதேனும் உண்டா. 1988, யாழ்ப்பாணம், வலது கெண்டைக்காலில் குண்டுச் சிதறல், இரண்டு துண்டு இன்னும் உள்ளே என்றேன். ஏஜென்ட் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். விபத்தா, வியாதியா? கொடுத்திருந்த கட்டங்களில் எதிலும் அது அடங்கவில்லை. ஆபீசில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

நவம்பர் 10

ஜெனரல் வார்டு. ஹவில்தார் வரை ஜெனரல், நாயப் சுபேதாரிலிருந்து செமி பிரைவேட், ஆபீசருக்குத் தனி அறை. யூனிஃபார்மைக் கழற்றி முப்பது வருஷமாகிறது, பெண்டாட்டி படுக்கிற கட்டிலுக்கு இன்னும் என் ரேங்க்.

நவம்பர் 12

கேண்டீன் போன இடத்தில் சுபேதார் சாபைப் பார்த்தேன். போன வருஷம் இடுப்பு எலும்பு மாற்றினார், ஒரு பைசா செலவில்லை. "ரூமில் ரெண்டே பேர், டிவி கூட இருந்துச்சு" என்றார். கேட்காமலே சொன்னார். தனியார் இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். "மழை பெய்யும்போது குடையைத் திருப்பிக் கேக்கிறவன் அவன்."

அதே வரிசையில் இன்னொருவர், இசிஎச்எஸ்ஸே வேண்டாம் என்று மாசம் ஆயிரம் ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொண்டிருக்கிறார். பாலிகிளினிக் தூரமாம். ஆயிரம் ரூபாயில் ஈசிஜி எடுக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

ஜனவரியில் எனக்கு எழுபது முடிகிறது. எழுபது ஆனவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை, வருஷம் ஐந்து லட்சம், வருமானம் பார்ப்பதில்லை, போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தது. மருமகள் செய்தி அனுப்பியிருந்தாள். உற்றுப் படித்தால், இசிஎச்எஸ் வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதோடு இவளுக்கு வயது 64. எனக்கு அட்டை வந்து என்ன, தேய்ந்தது இவள் மூட்டு.

நவம்பர் 15

ஆயுள் சான்று கொடுத்தாயிற்று. மொபைலுக்கு முன்னால் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. மூன்றாவது தடவைதான் நான் உயிரோடு இருப்பதை ஒத்துக்கொண்டது.

நவம்பர் 18, செவ்வாய்

நான் போய்விட்டால்? இதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். குடும்பப் பென்ஷன் என்றால் என் பென்ஷன் நூறு வரும் இடத்தில் இவளுக்கு ஏறக்குறைய அறுபது. இசிஎச்எஸ் தொடரும், அதில் சந்தேகமில்லை, குடும்பப் பென்ஷன் வாங்குகிற வரை அட்டை இவள் பெயரில் ஓடும். ஆனால் தனியாக பஸ் ஏறி, டோக்கன் போட்டு, ரெஃபரல் வாங்கி, கடைசி கவுன்டரில் நின்று, இவளால் முடியுமா? பஸ் நம்பரே என்னைக் கேட்டுத்தான் சொல்வாள். அவசரத்துக்கு லிஸ்டில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்ப வராது. அதை யார் சொல்வார்? பெண் கல்யாணமாகித் திருப்பூரில். பையன் பெங்களூரில்.

தனியார் என்றால் கார்டை நீட்டினால் போதும் என்கிறான். சரி, பிரீமியம் யார் கட்டுவது? மூத்த குடிமக்களுக்கு வருஷம் பத்து சதவீதத்துக்கு மேல் தன்னிஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று இந்த ஜனவரியில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. நல்லதுதான். அந்தப் பத்து சதவீதத்தையே வருஷா வருஷம் ஏற்றிப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 82,000 ஏழு வருஷத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தொடுகிறது. அப்போது இவளுக்கு 71. அறுபது ரூபாய்ப் பென்ஷனில் எதை எடுத்து எதைக் கட்டுவாள்? ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் அதுவரை கட்டியது அத்தனையும் தண்ணீர்.

இவளிடம் சொன்னேன். "முதல்ல போறது நீங்கதான்னு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் பருப்பு வேகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

நவம்பர் 20

ஒன்றுமில்லை. வெந்நீர் ஒத்தடம், தைலம்.

நவம்பர் 22, சனி

பையன் வந்தான். கம்பெனி குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்கலாமாம், காத்திருப்பே கிடையாது, மூட்டு கூட உடனே கிடைக்கும். ஆனால் சேர்க்கும் ஜன்னல் ஏப்ரலில்தான் திறக்கும். அதுவரை வேலை இருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவன் முகமே சரியில்லை, அவன் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள் என்று மருமகள் இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான், "படிவத்துல அம்மாவுக்குச் சர்க்கரை இல்லைன்னு போட்டுடலாம்பா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

ஐந்து வருஷம் வரை அதைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரன் க்ளைமைத் தள்ளலாம். மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும். அதெல்லாம் போகட்டும், பாலிகிளினிக் கம்ப்யூட்டரில் இவள் சர்க்கரை பதிவாகிக் கிடக்கிறதே! கையெழுத்துப் போடுகிறவன் நான். முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பேரன் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

நவம்பர் 25

பூதக்கண்ணாடி வைத்து பாலிசி வாசகத்தைப் படித்தேன். அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் வரை. ஐந்து லட்சத்துக்கு நாளைக்கு ஐயாயிரம். எட்டாயிரம் ரூபாய் அறை எடுத்தால் மிச்சம் மூவாயிரம் நம் கையிலிருந்து என்றுதான் நினைப்போம். இல்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் என்று மற்றதையும் அதே விகிதத்தில், எட்டுக்கு ஐந்து என்று வெட்டுவார்கள். தனி அறை ஆசை காட்டித்தானே இதை விற்கிறார்கள்.

இங்கே ரேங்க் பார்த்துக் கட்டில். அங்கே தொகை பார்த்துக் கட்டில்.

நவம்பர் 26

"எனக்குத் தனி ரூமெல்லாம் வேணாங்க. ராத்திரி எழுந்தா பேச ஆள் வேணும்." இவள்தான். மூன்று வாரமாக நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. அது இவளுக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 29

மழை. விடாத மழை. இவள் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன.

டிசம்பர் 1, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள்! 9-ஆம் தேதி அட்மிஷன், 10-ஆம் தேதி வலது கால். பையன் ஒன்றும் சொல்லவில்லை, லீவ் போடுகிறேன் என்றான்.

டிசம்பர் 3

கார்த்திகை. உட்கார்ந்தபடியே திரி போட்டாள், அகலைக் கொண்டுபோய் வைத்தது நான். வழக்கத்தைவிட அதிகமாக வைக்கச் சொன்னாள்.

டிசம்பர் 5, வெள்ளி

ஆபரேஷனுக்கு முன் பரிசோதனை. ரத்தம், நெஞ்சுப் படம், ஈசிஜி. கடைசி கவுன்டர் ஆள் இன்று நன்றாகப் பேசினார். அவர் அப்பா விமானப்படையாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

கொடிநாள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் மூவர்ணக் கொடி அனுப்பி, கீழே, "சார், சிதறல் பற்றி மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டுமாம்" என்று எழுதியிருந்தார். டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுத்தேன். எழுத்து மங்கிவிட்டது.

டிசம்பர் 8, திங்கள்

மத்தியானம் போன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பதைத் தாண்டியிருக்கிறது, மயக்க மருந்து டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இறக்கிக்கொண்டு வாருங்கள், பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டி வைத்த பையை இவள் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் இருக்கட்டும் என்றேன்.

பையனுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி அந்தப் படிவத்தைத்தான் எடுப்பான்.

டிசம்பர் 9

ஆறு பத்து பஸ். இன்சுலினுக்கு எழுதி வாங்க வேண்டும், ரெஃபரல் பொங்கல் வரை செல்லுமா என்று கேட்க வேண்டும். ஜெராக்ஸ் மூன்று செட்.