சாவியைக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பினால், பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி மூணு, மூணேகாலுக்குள் கோயம்புத்தூர் எம்.ஜி.ஆர். மார்க்கெட்டில் போய் நின்றுவிடலாம். பதிமூன்று வருஷமாக இதுதான் என் பாதை. வண்டி 2012 மாடல் டாடா ஏஸ், குட்டி யானை. எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்ற சான்று, காட்ட வேண்டும். காட்டி வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ், பொல்யூஷன், டாக்ஸ் எல்லாம் ஒரு மஞ்சள் ஜிப் கவரில் டேஷ்போர்டிலேயே இருக்கும்.

இத்தனை வருஷத்தில் போலீஸ்காரர்கள் எத்தனை தடவை டார்ச் காட்டி நிறுத்தியிருப்பார்கள் என்று கணக்கு வைத்ததில்லை. முக்கால்வாசி தடவை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். 'எங்கிருந்து, என்ன லோடு, சரி போ.' எழுத வேண்டும் என்று மனசில் தங்கியது இரண்டு ராத்திரி.

முதலாவது போன வருஷம் மே மாசம். பெரியவன் பிளஸ் டூ முடித்திருந்தான். லீவில் ஒரு நாள் கூட வருகிறேன் என்றான். தக்காளி, 14 கிலோ பெட்டி 50. ஆர்.சி.யில் போட்டிருக்கிற எடைக்குள்தான். ஒரு ஊர் பைபாஸில் பேரிகேட் போட்டிருந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, கேபின் லைட்டைப் போட்டு, கண்ணாடியை முழுசாக இறக்கினேன். இது என் பழக்கம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா, ராத்திரியில் அவர்களுக்கும் பயம் இருக்கும்.

நான் கவரை எடுப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்தது. சாவியைத் திருகி உருவியது. இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. "ஏய், இறங்குடா கீழே."

சாவியை உருவிய அந்தப் போலீஸ்காரப் பையனுக்கு இருபத்தைந்து இருக்கும். எனக்கு நாற்பத்து நாலு. 'டா' என்று என் அப்பா கூப்பிட்டால் எனக்குச் சந்தோஷம். கூடப் படித்தவன் கூப்பிட்டாலும் அப்படித்தான். முன்னே பின்னே தெரியாத ஒருவர், என் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டால் எப்படி இருக்கும்? மகன் என்னைப் பார்த்தான், உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் பார்த்துவிடக் கூடாது என்று திருப்பிக்கொண்டான். அதுதான் இன்னும் வலிக்கிறது.

அந்தச் சாவிக்கொத்தில் வண்டிச் சாவி மட்டும் இல்லை. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பழனியில் வாங்கிய சின்னப் பித்தளை வேல். எல்லாம் அவர் பேன்ட் பைக்குள் போய்விட்டது. நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்டது.

முதலில் போனில் டிஜிலாக்கரை, அதாவது வண்டிக் காகிதங்களை வைத்துக்கொள்ளும் அரசாங்க ஆப்பை, காட்டினேன். "போனெல்லாம் காட்டாதே, ஒரிஜினலை எடு." எடுத்துக் கொடுத்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏட்டய்யா ஒவ்வொன்றாகப் புரட்டினார். குறை எதுவும் இல்லை. கடைசியில், "பெர்மிட் எங்கே?" என்றார். குட்டி யானைக்குப் பெர்மிட் கிடையாதுங்க ஐயா என்றேன். "நீ எனக்குச் சட்டம் சொல்றியா?" அதோடு சரி, ஓரமாக நில் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம், நாற்பது நிமிஷம். பின்னால் நின்ற தேங்காய் லோடுக்காரர், "ஒரு முந்நூறைக் கொடுத்துட்டுக் கிளம்புங்கண்ணே" என்று காதில் சொன்னார். கொடுக்கவில்லை. கேஸும் போடவில்லை, ரசீதும் இல்லை. ஒரு கட்டத்தில் சாவி சீட்டில் வந்து விழுந்தது. போகலாம் என்று அர்த்தம்.

மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. முதல் ஏலம் முடிந்து விலை இறங்கிவிட்டது. வியாபாரி வாடகையில் 600 பிடித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் நஷ்டம். வழியில் கிணத்துக்கடவில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் மகன் வாயைத் திறந்தான். "ஏம்ப்பா, நீங்க ஒண்ணுமே சொல்லலை?"

அந்தக் கேள்விக்காகத்தான் பழனி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீல் சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் வீடு மாற்றியபோது சாமான் ஏற்றிப் போனது நான்தான். பொறுமையாக உட்கார வைத்து, மோட்டார் வாகனச் சட்டம் 1988 புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டினார். யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும், அது பிரிவு 130. மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐ 2018-இல் திருத்திவிட்டார்கள், அதன்படி டிஜிலாக்கரில் இருக்கிற ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் செல்லும். பிரிவு 66, உட்பிரிவு 3: மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. என் வண்டி லோடோடு சேர்த்தே அதில் பாதிதான். ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல், வேண்டிய வண்டிக்குப் பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் வண்டியையே பிடித்து வைக்கலாம், அது 207. அதற்கும் முறை இருக்கிறது. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும்போதே ஜன்னலுக்குள் கை விட்டுச் சாவியை உருவலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் போலீஸ்காரர் கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன்.

இதைப் படித்துவிட்டு நான் செக்கிங்கே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் கூட்டாளி ஒருவர், பத்து வருஷம் என்கூட லோடு அடித்தவர், டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது குடித்துவிட்டு வந்த ஒரு கார் அடித்துப் போய்விட்டார். அந்தக் காரை முந்தைய பேரிகேட்டில் ஒருவர் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தால் இன்றைக்கும் அவர் இருப்பார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதற்கு மேல் போனால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைக் குறைக்கவே கூடாது என்பேன்.

நானும் தப்பு செய்தவன்தான். 2016-இல் பழனியில் ஒரு காதுகுத்துக்குச் சொந்தக்காரர்கள் பதினாலு பேரை லோடு கேரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு நிறுத்திய எஸ்.ஐ. எல்லோரையும் இறக்கினார். "இந்தப் புள்ளை ஒண்ணு தவறி விழுந்தா அவங்கம்மாவுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?" என்று கேட்டார். அபராதம் போட்டு, ரசீது கொடுத்து, அவரே ஒரு பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டார். அன்றையிலிருந்து கேரியரில் ஆள் ஏற்றியதில்லை. அவர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

ஆனால் சொல் ஆளைக் கொன்றுவிடும். 2018 ஜனவரியில் சென்னை ஓ.எம்.ஆரில், சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட ஒரு கால் டாக்ஸி தம்பி, தன்னைக் கேவலமாகத் திட்டினார்கள் என்று சொல்லி உயிரையே விட்டான். சின்னப் பையன். தென் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போனவன். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் ஸ்டாண்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது ராத்திரி போன வருஷமே செப்டம்பர் மாசம். முருங்கைக்காய் லோடு, நான் மட்டும்தான். வேறொரு இடம். ஒரு பெண் எஸ்.ஐ. கை காட்டினார். "அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்க. ஊதணும்." மிஷினில் இருந்த பழைய குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கவரைக் கிழித்து என் கண் முன்னாடியே புதுக் குழாய் மாட்டினார். ஊதினேன். பூஜ்ஜியம் காட்டியது. அதை என் பக்கம் திருப்பி எனக்கும் காட்டினார். போனிலேயே ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, டார்ச்சோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பின்னாடி லெப்ட் லைட்டு எரியலைண்ணே. பிரேக் அடிச்சா எரியுது, சும்மா ஓடுறப்ப அந்தப் பக்கம் இருட்டா இருக்கு. பால்காரர் டூவீலர்ல வந்து மோதிட்டா?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரட்டை இழை பல்பில் ஒரு இழை மட்டும் போயிருந்தது. எத்தனை நாளாக அப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அபராதம் போட்டிருந்தால் கட்டியிருப்பேன். அவர் ஜீப்பிலிருந்து சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, கேரியர் கதவின் தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டு ஒட்டினார். நாலு மூலையையும் கட்டை விரலால் அழுத்தினார். "காலையில முதல் வேலையா பல்பை மாத்திருங்க. கேன்ல தண்ணி இருக்கு, முகத்தைக் கழுவிட்டுப் போங்க." ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விடிந்ததும் கோயம்புத்தூரில் முப்பது ரூபாய்க்குப் பல்பு மாற்றினேன். ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. ஒரு மூலை மட்டும் லேசாகப் பெயர்ந்திருக்கிறது.

மகனுக்கு இப்போது பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வாங்கிவிட்டான். வக்கீல் சார் காட்டிய நாலு விஷயத்தையும் அவன்தான் தமிழில் ஒரே பக்கமாக டைப் அடித்துக் கொடுத்தான். போலீஸ்காரரைக் குறை சொல்லும் வரி அதில் ஒன்றும் இல்லை. பிரிவு எண்ணும், அதில் என்ன இருக்கிறது என்பதும் மட்டும்தான். மேலே பெரிய எழுத்தில் 'ஐயா, வணக்கம்' என்று போட்டிருக்கிறான். அது அவனாகப் போட்டது. ஜெராக்ஸ் கடையில் நாற்பது காப்பி எடுத்து மார்க்கெட்டில் குட்டி யானைக்காரர்களுக்குக் கொடுத்தேன். என்னுடையதை லேமினேட் செய்து மஞ்சள் கவரில் ஆர்.சி.க்கு முன்னால் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு ஏட்டய்யா அதை டார்ச் வெளிச்சத்தில் முழுசாகப் படித்தார். படித்துவிட்டு, "இதில் ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். சீட்டுக்கு அடியில் நாலு மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.