பெயர் சொல்லி வரும் வாழ்த்து

நாடு மாறி வந்தவர்களுக்குப் பண்டிகை நாள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் நடக்கிறது. இங்கே அன்று வேலை நாளாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், தெருவில் பண்டிகையின் அடையாளமே இருக்காது. ஊரில் எல்லாரும் ஒரே வீட்டில் கூடியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நாமும் ஒரு நிமிடம் போய் நிற்க வேண்டுமென்றால், நாம் அனுப்பும் வாழ்த்துதான் வழி. ஆகவே யாரோ வரைந்த பூப்படத்தை எடுத்து எல்லாருக்கும் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுகிறேன். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் தூரத்தில் இருந்துகொண்டு உறவைக் காப்பாற்ற நான் செய்யும் காரியங்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

புதிதாக வந்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எண் மாற்றத்தை. வந்ததும் இந்த நாட்டு சிம் வாங்குகிறோம், வாட்ஸ்அப்பையும் அந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியாக அனுப்ப ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் இருக்கிறது. நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. மாமாவும் அத்தையும் புதிய எண்ணைச் சேமித்திருக்க மாட்டார்கள். நாம் அனுப்பியாயிற்று என்று இருப்போம், அவர்களுக்கு வந்தே இருக்காது. வெளிநாடு போனதும் மறந்துவிட்டாள் என்ற பேச்சு இப்படியும் கிளம்புகிறது. செயலியின் அமைப்புகளில் ‘எண்ணை மாற்று’ என்பதைப் பயன்படுத்தினால், தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிப்பு அனுப்பும்படி அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். அதோடு நிற்காமல், முதல் பண்டிகைக்கு நேராக ஒவ்வொருவருக்கும் எழுதுவதே நல்லது. “பெரியம்மா, நான் உங்கள் தங்கை மகள். இது என் புதிய எண்” என்று தொடங்க வேண்டும். முன்பின் தெரியாத அயல்நாட்டு எண்ணிலிருந்து வரும் வாழ்த்தைப் பெரியவர்கள் மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அவர்கள் அப்படி எச்சரிக்கையாக இருப்பதும் சரிதான்.

பலருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பும் வழக்கம் கைப்பேசியோடு வந்ததன்று. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்கள் குவிந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி ஓர் அட்டையை அச்சிட்டார். உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று இன்று அதைத்தான் சொல்கிறோம். அதில் எனக்குப் பிடித்தது படம் அல்ல. பெறுபவர் பெயரையும் அனுப்புபவர் பெயரையும் கையால் எழுத மேலும் கீழும் இடம் விட்டிருந்தார்கள். நேரமில்லாத மனிதரின் அட்டையிலும் பெயருக்கு இடம் இருந்தது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பிய உலகின் முதல் குறுஞ்செய்தியும் கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அதுவும் ஒருவருக்கு மட்டும் போன வாழ்த்து. பெயரே இல்லாமல் வாழ்த்து ஊர் சுற்றத் தொடங்கியது பிற்பாடுதான். 2018 முதல் வாட்ஸ்அப் அப்படிக் கைமாறி வரும் செய்திக்கு மேல் ஓர் அம்புக்குறி போடுகிறது. பலமுறை கைமாறியிருந்தால் இரண்டு அம்புக்குறிகள். பெறுபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வேறு யாருக்கும் அனுப்ப முடியாத ஒரு வரி வாழ்த்தில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். அந்த வரி பண்டிகை அன்று காலையில் தேடினால் கிடைக்காது. அதற்காகக் கைப்பேசிக் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஆண்டு முழுவதும் எழுதி வைக்கிறேன். தொலைபேசியில் பேசும்போது காதில் விழுந்தவைதான்: மாடியில் அறை கட்டுகிறார்கள், மகன் நீச்சல் பழகுகிறான், முட்டி வலி குறைந்திருக்கிறது. சென்ற பண்டிகைக்குச் சித்திக்கு நான் எழுதியது இது: “சித்தி, கண் அறுவை முடிந்த பின் வரும் முதல் பண்டிகை. ஊசியில் நூல் கோக்க இனி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா? நீங்கள் தைத்துக் கொடுத்த உறைதான் இன்றும் என் தலையணையில் இருக்கிறது.” சற்று நேரத்தில் ஒரு படம் வந்தது. சித்தியின் இரண்டு விரல்கள், நடுவே நூல் கோத்த ஊசி. ஒரு சொல்லும் எழுதவில்லை. சித்தி கைப்பேசியில் படம் எடுப்பார் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

குறிப்பேட்டில் இருப்பதெல்லாம் வாழ்த்துக்கு ஆகாது. கடன், தேர்வில் தோல்வி, தள்ளிப்போகும் திருமணம், குழந்தைப் பேறு ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை. அக்கறையில் கேட்டாலும், நல்ல நாளில் அது குத்தும்.

துக்கம் நடந்த வீட்டுக்கு என்ன எழுதுவது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்த ஆண்டு அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புவோர் உண்டு. பழக்கத்தில் அவர்களுக்கும் “மகிழ்ச்சி பொங்கட்டும்” என்று அனுப்பிவிடுவோரும் உண்டு. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. அருகில் இருப்பவர்கள் ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். தொலைவில் இருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எழுதத்தான் வேண்டும். வாழ்த்து என்ற சொல்லை விட்டுவிட்டு, இறந்தவரைச் சொல்லித் தொடங்குகிறேன். “அண்ணி, இன்று காலையிலிருந்து அண்ணனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு இதே நாளில் வீடியோவில் என் மகளுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார். பதில் எழுத வேண்டாம்.” கடைசி மூன்று சொற்கள் முக்கியம். பதில் எழுதும் சுமையை அன்று அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. துக்கம் எப்போது வரும் என்று தெரியாததால்தான் முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து அனுப்பும் வசதியை நான் குறைவாகவே பயன்படுத்துகிறேன். ஜிமெயிலில் 2019 முதல் அது இருக்கிறது, டெலிகிராமிலும் உண்டு. நாம் எழுதி வைத்த நாளுக்கும் அது போய்ச் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு வீட்டில் எதுவும் நடந்துவிடலாம்.

படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குக் குரல் பதிவுதான். பெரியப்பாவுக்கு அரை நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. முதலில் “பெரியப்பா” என்று அழைத்து, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு செய்தி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தமிழ் பேசுகிறார்கள், வேகமாகப் படிக்க வருவதில்லை. பாட்டி தட்டெழுதி அனுப்பும் வாழ்த்தைவிடப் பாட்டியின் குரல் அவர்களிடம் நேராகப் போகிறது. அந்தப் பதிவுகளைச் செயலிக்குள்ளேயே விட்டுவைக்காமல் கணினியில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன். கைப்பேசி பழுதானால் குரலும் சேர்ந்து போய்விடும்.

படம் அனுப்புவதாக இருந்தால் நம் வீட்டுப் படமே போதும். அதில் தமிழில் எழுத மீரா இனிமை, பவனம், காவிவனார், ஹிந்த் மதுரை போன்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. சில செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். படத்தை ஆவணமாக இணைத்தால் தெளிவு குறையாது. உங்கள் பெயரை இட்டால் வாழ்த்து வரும் என்று சொல்லும் இணைப்புகளை மட்டும் யாருக்கும் அனுப்ப வேண்டாம், வந்தாலும் திறக்க வேண்டாம். அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பை, அனுப்பிக் கைப்பேசியையே கைப்பற்றும் கூட்டம் இருக்கிறது.

நேரம் இன்னொரு சிக்கல். புத்தாண்டு முதலில் பிறக்கும் கிரிபாட்டியின் கிரித்திமத்தி தீவுக்கும், கடைசியாகப் பிறக்கும் நிலங்களில் ஒன்றான அமெரிக்க சமோவாவுக்கும் 25 மணி நேர இடைவெளி. உறவுகள் நாலு நாடுகளில் இருந்தால் நள்ளிரவு எது என்பதே குழம்பிப் போகும். பெறுபவரின் காலையைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகளில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அந்த இடைப்பட்ட நாட்களில் நமக்குப் பழகிப்போன நேரக் கணக்கும் மாறிவிடும்.

இதுவரை ஊருக்கு எழுதியதைப் பற்றியே சொன்னேன். இந்த நாட்டில் எனக்கு நண்பர்கள் கிடைத்ததும் வாழ்த்துகளால்தான். என்னோடு வேலை செய்யும் எத்தியோப்பியர் ஒருவர் டிசம்பர் 25 அன்று எல்லாருடைய வாழ்த்தையும் புன்னகையோடு வாங்கிக்கொள்வார். அவருடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அன்று காலை “மெல்கம் கெனா” என்று குரல் பதிவு அனுப்பினேன். மதியம் என் மேசைக்கு வந்து, சொல்லும் முறையைத் திருத்திக் கொடுத்தார். பிறகு நெடுநேரம் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். எதிர்வீட்டு ஈரானியக் குடும்பத்துக்கு நவ்ரூஸ் என்ற பாரசீகப் புத்தாண்டு, வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகும் கணத்தில் பிறக்கிறது. அந்த நிமிடத்தை முன்னதாகவே அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஈத் பெருநாளுக்கு மட்டும் நாட்காட்டியை நம்புவதில்லை. பிறை பார்த்து முடிவாவது நாட்டுக்கு நாடு, சில சமயம் ஒரே ஊரில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். முதல் நாள் இரவு தோழியிடம் “உங்கள் வீட்டில் நாளைக்கா, நாளை மறுநாளா?” என்று கேட்டுவிடுகிறேன். அவள் வீட்டில் முடிவானதும் எனக்குச் செய்தி வருகிறது, நானும் எழுத உட்காருகிறேன்.