குறைமாதப் பாப்பாவுக்கு மழைக்காலத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது

என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) ஆக்சிஜனில் இருந்து மீண்ட பாப்பா ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்கு வந்தால், எல்லோரும் ஜன்னலை அடைத்து ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் மாட்டுகிறோம். சளியைக் கொண்டுவருவது குளிர் அல்ல, பள்ளிக்கூடம் போய்வரும் அண்ணனும் அக்காவும்தான். பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போய்விடும் ஆர்எஸ்வி என்ற வைரஸ், பலவீனமான இந்த நுரையீரலை வெண்டிலேட்டர்வரை கொண்டுபோகக்கூடும்.

பள்ளிவிட்டு வந்த பிள்ளை யூனிஃபார்மை மாற்றி, 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பாப்பாவைத் தொடலாம். கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் வழக்கமாக விட்டுப்போகும். சளி பிடித்தவர் பாப்பா பக்கமே வர வேண்டாம். அம்மாவுக்கே சளி என்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம், தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். உறவினரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், "டாக்டர் யாரையும் விடக்கூடாதுன்னுட்டார்" என்று சொல்லிவிடுங்கள்.

சாம்பிராணியும் கொசுவர்த்தியும் வேண்டாம், கொசுவலை போதும். குளிப்பாட்டி மூக்கில் ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும்.

முன்கூட்டிப் பிறந்ததால் தடுப்பூசியையும் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அது தவறு. பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. 6 வாரத்தில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஊசி), பிசிவி (நிமோகாக்கல் கிருமிக்கான ஊசி) போட வேண்டும். ஃப்ளூ ஊசி 6 மாதத்துக்குப் பிறகே என்பதால், அதுவரை வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூக்கடைத்தால் பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு துவாரத்திலும் சலைன் (உப்புநீர்) சொட்டு மருந்து 1 அல்லது 2 சொட்டு விடலாம். குடித்த பிறகு விட்டால் கக்கிவிடும்.

மூச்சு எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். பாப்பா தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். குறைமாதக் குழந்தை நடுநடுவே சில விநாடி நிறுத்தி மூச்சுவிடும், அதனால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். டிஸ்சார்ஜ் ஆன அன்றே எண்ணிக் குறித்துவைத்தால் பிறகு ஒப்பிட உதவும். 2 மாத வயதுக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதிகமாக, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதிகமாக இரண்டாம் முறை எண்ணும்போதும் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

விலா உள்ளிழுத்தாலோ, உதடு நீலமானாலோ, வழக்கமான சில விநாடியைவிட அதிக நேரம் மூச்சு நின்றாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ, 2 மாதத்துக்குள் அக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 35.5க்குக் கீழே இறங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் "குறைமாதம், ஆக்சிஜனில் இருந்த குழந்தை" என்று முதலில் சொல்லுங்கள்.