3.6-ஐக் கையில் வையுங்கள்: கேட் கெமிக்கலில் மோலார் ஃப்ளோ அலகுகள்

கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) ரிசல்ட் வந்த கையோடு எழுதுகிறேன். எந்தப் புத்தகம், எந்த டெஸ்ட் சீரிஸ் என்ற பட்டியல் இதில் இல்லை. சமன்பாடு சரி, விடை மட்டும் தப்பு என்று இரண்டு மதிப்பெண் கேள்விகள் கைநழுவும் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: மோலார் ஃப்ளோ ரேட்டின் (குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை மோல் பாய்கிறது என்ற கணக்கின்) அலகு. என்ஏடி கேள்வியில், அதாவது விடையை எண்ணாகவே தட்டச்சு செய்யும் கேள்வியில், படிகளுக்கு மதிப்பெண் கிடையாது. கடைசி எண் வரம்புக்குள் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் பூஜ்யம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

1 மோல்/நொடி = 3.6 கிலோமோல்/மணி. இது தோராயம் இல்லை, முழுத் துல்லியமான எண். மீட்டர்/நொடியைக் கிலோமீட்டர்/மணி ஆக்க பள்ளியில் போட்ட அதே 18/5தான். கிலோமோல்/மணியை மோல்/நொடி ஆக்க இதைப் புரட்டி 0.278 என்று மனப்பாடம் செய்யாதீர்கள். அவசரத்தில் அது 0.28 ஆகிவிடும், கீழே வரும் கணக்கில் 160 வரவேண்டிய விடை 161.28 ஆகும். விடை வரம்பு 159 முதல் 161 வரை என்றால் போச்சு. எப்போதும் 3.6-ஆல் வகுங்கள்.

திசையிலும் குழப்பம் வரும். கிலோமோல் பெரிய அலகு, மோலாக மாற்றினால் எண் பெருகும் என்று மனசு சொல்லும். 1000-ஆல் பெருகுவது உண்மை, ஆனால் மணி நொடியாகும்போது 3600-ஆல் சுருங்குகிறது. ஆகவே மோல்/நொடியில் வரும் எண் எப்போதும் சின்னது.

எந்த அலகுக்கு மாற்றுவது? வினைவேகத்தைப் பாருங்கள். அது எந்த நேர அலகில் இருக்கிறதோ அந்த அலகுக்கு ஃப்ளோவைக் கொண்டுவாருங்கள், அதுவும் முதல் வரியிலேயே, ஒரே தடவை. ஒரு சிஎஸ்டிஆர் (தொடர்ந்து கலக்கப்படும் ரியாக்டர்): ஃபீட் (உள்ளே வரும் ஃப்ளோ) 36 கிலோமோல்/மணி, கன்வர்ஷன் (வினைபுரிந்த பங்கு) 0.8, வெளியேறும் நிலையில் வினைவேகம் 0.05 மோல்/லிட்டர்·நொடி. 36-ஐ 3.6-ஆல் வகுத்தால் 10 மோல்/நொடி. கொள்ளளவு 10 × 0.8 ÷ 0.05 = 160 லிட்டர். மாற்றாமல் போட்டால் 576 வரும். பார்க்க நம்பும்படியான எண் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து. வினைவேகம் நிமிடக் கணக்கில் இருந்தால் அதே 36 கிலோமோல்/மணி 600 மோல்/நிமிடம். மோல்/லிட்டரும் கிலோமோல்/கன மீட்டரும் ஒரே எண்தான், அங்கே கை வைக்க வேண்டாம்.

பெரிய ஆலைக் கணக்கு வந்தால் கிலோமோல்/மணியிலேயே நில்லுங்கள். நாளுக்கு 1000 டன் அம்மோனியா என்றால் 10,00,000 ÷ 17.03, அதாவது சுமார் 58,720 கிலோமோல்/நாள். மெகாமோலில் 58.72. மணிக்கு 2,447 கிலோமோல், நொடிக்கு 680 மோல். இதைத் தயாரிக்கத் தேவையான ஹைட்ரஜன் இதில் ஒன்றரை மடங்கு, 3,670 கிலோமோல்/மணி. நைட்ரஜன் பாதி, 1,223. சரிபார்க்க 3,670 × 2.016, 1,223 × 28.01 இரண்டையும் கூட்டுங்கள். சுமார் 41,660 கிலோ/மணி வரும். 1000 டன்னை 24-ஆல் வகுத்தாலும் அதே அளவுதான். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

கேஸ் அலகுகளை அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்:
- நார்மல் கன மீட்டர் (0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்ஃபியர்): கிலோமோலுக்கு 22.414.
- அதே 0 டிகிரியில் அழுத்தம் 1 பார் என்றால் 22.711. வித்தியாசம் 1.3 சதவீதம், வரம்பைத் தாண்ட அது போதும்.
- 15 டிகிரி, 1 அட்மாஸ்ஃபியர்: 23.645. நாளுக்குப் பத்து லட்சம் ஸ்டாண்டர்ட் கன மீட்டர் என்றால் சுமார் 1,762 கிலோமோல்/மணி.
- பவுண்டு-மோல்: 0.4536 கிலோமோல். 60 டிகிரி ஃபாரன்ஹீட், 14.696 பிஎஸ்ஐ-யில் அது 379.5 கன அடி.
- எம்எம்எஸ்சிஎஃப்டி (நாளுக்குப் பத்து லட்சம் ஸ்டாண்டர்ட் கன அடி) ஒன்று: சுமார் 49.8 கிலோமோல்/மணி.

எம் எழுத்தில் கவனம் தேவை. எஸ்ஐ முறையில் பெரிய எம் மெகா, பத்து லட்சம். சின்ன எம் மில்லி. அமெரிக்க கேஸ் கணக்கில் பெரிய எம் வெறும் ஆயிரம், இரட்டை எம்தான் பத்து லட்சம். குழப்பினால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப்போகும். ஸ்டாண்டர்ட் என்ற சொல்லை மட்டும் நம்பி 22.4 போடாதீர்கள், கேள்வியில் தந்த வெப்பநிலை, அழுத்தத்துக்கு வாயுச் சமன்பாட்டைப் போடுவதே பாதுகாப்பு.

திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால்தான் அழுத்த வேண்டும். ஒவ்வொரு கூடுதல் மாற்றமும் கூடுதல் கிளிக், கூடுதல் பிழை. மாற்றிய ஃப்ளோவை ரஃப் தாளில் அலகோடு எழுதி வட்டமிடுங்கள், முழு எண்ணை கால்குலேட்டரின் எம்எஸ் (மெமரியில் சேமிக்கும்) பட்டனில் சேமியுங்கள். இடையில் ரவுண்ட் செய்யவே கூடாது.

டன்/ஆண்டு என்று வந்தால் இயங்கும் நாட்களைக் கேள்வியில் தேடுங்கள். 330 நாள் என்றால் 7,920 மணி. பழக்க தோஷத்தில் 8,760-ஆல் வகுத்தால் ஃப்ளோ கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைந்துவிடும், ரியாக்டரும் அதே அளவு சின்னதாக வரும்.