நூத்திருவது ரூபா கால்குலேட்டர்ல ட்ரிப் மீட்டர்

ராயபுரத்துல ஒரு சந்துக்குள்ள சான் ஸ்டார்ம் நிக்குதுன்னா நம்ப மாட்டீங்க, ஆனா நிக்குது, எங்க வீட்டு வாசல்லதான், தார்ப்பாய் போத்திகினு. கோவால செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி, ஃபைபர் பாடி, உள்ள ரெனோ இன்ஜின். சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல எங்க நைனா சைக்கிள் மிதிச்சு போயி பாத்தவரு, அந்த கிறுக்கு அப்படியே எனக்கும் வந்துச்சு. ஆனா எனக்கு ஆச டிஎஸ்டி ராலி மேல, அதாவது டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ் மூணும் கணக்கு பாத்து ஓட்டுற ராலி.

அதுல வேகமா போறவன் ஜெயிக்க மாட்டான். குடுத்த ஆவரேஜ் ஸ்பீடுல, கரெக்டான செகண்டுக்கு கண்ட்ரோல்ல, அதாவது வழியில டைம் குறிக்கிற எடத்துல, இருக்கணும், சீக்கிரம் போனாலும் பெனால்டி லேட்டானாலும் பெனால்டி. 36 கிலோமீட்டர் ஸ்பீடுன்னா செகண்டுக்கு 10 மீட்டர். நம்ம வண்டி மீட்டர்ல 100 மீட்டருக்கு ஒரு தடவதான் நம்பர் நகரும், அதுக்குள்ள 10 செகண்ட் ஓடிடும், அத வெச்சிகினு என்ன கணக்கு போடுறது. ராலிக்குன்னே வர்ற மீட்டர் வாங்குற வசதி இல்ல, அதனால நானே செஞ்சேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சாதா கால்குலேட்டர்ல ஒரு நம்பர் அடிச்சு ப்ளஸ் போட்டு ஈக்வல தட்டிகினே இருந்தா அந்த நம்பர் கூடிகினே போகும். அந்த ஈக்வல் பட்டன விரலுக்கு பதிலா சக்கரமே தட்டுனா அதான் ட்ரிப் மீட்டர், போன தூரத்த எண்ணி காட்டுற மீட்டர். பின் சக்கரத்துல ஒரு காந்தம், எதுர்ல ரீட் ஸ்விட்ச், காந்தம் கிட்ட வந்தா தானா ஒட்டிக்கிற ஸ்விட்ச் அது. முன் சக்கரம் வேணாம், இழுக்குற சக்கரம் மண்ணுல வழுக்கி சுத்தும், சும்மாவே தூரம் ஏறிடும்.

டயர் 165/65 ஆர் 13, புக் கணக்குல ஒரு சுத்துக்கு 1.711 மீட்டர் வருது. அத நம்பக்கூடாது. நானும் மச்சானும் வண்டியில உக்காந்துகினு தெரு பசங்கள தள்ள சொல்லி, டயர்லயும் தரையிலயும் சாக்பீஸ் கோடு போட்டு 10 சுத்து அளந்தா 16.68 மீட்டர்தான். வெயிட்டுக்கு டயர் அமுங்குது இல்ல, அதான். கிலோமீட்டருக்கு 25 மீட்டர் வித்தியாசம், ராலியில அது ரெண்டர செகண்ட்.

60ல போனா சக்கரம் செகண்டுக்கு 10 சுத்து சுத்தும், கால்குலேட்டர் அவ்ளோ வேகமா பட்டன படிக்காது, பாதிய விட்டுடும். அதனால நடுவுல 4017ன்னு ஒரு எண்ணுற ஐசி போட்டு 5 சுத்துக்கு ஒரு தட்டுன்னு பிரிச்சேன், 5 சுத்துக்கு 8.34 மீட்டர், கிலோமீட்டர்ல அடிக்க வேண்டிய நம்பர் 0.00834. ஐசிலேர்ந்து பட்டனுக்கு நேரா வயர் இழுக்காதீங்க, நடுவுல ஆப்டோகப்ளர் வைங்க, வயர் தொடாம வெளிச்சத்துலயே சிக்னல் கடத்துற சின்ன பார்ட்டு அது, இல்லன்னா 12 வோல்ட் போயி கால்குலேட்டர் காலி. எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குனதுதான், கால்குலேட்டரோட சேத்து 400 ரூபா கூட ஆவல.

ஒரு நாள் முழுக்க தலைய பிச்சிகிட்டது எர்த்துக்கு. வேற வண்டியில பாடியில எங்க தொட்டாலும் எர்த் கெடைக்கும், இது ஃபைபராச்சே! பின்னாடிலேர்ந்து பேட்டரி வரைக்கும் தனியா கறுப்பு வயர் இழுத்தப்புறம்தான் எண்ண ஆரம்பிச்சுது. மொத தடவ காந்தத்த டிரம்ல பசை போட்டு ஒட்டுனேன், பிரேக் சூட்டுக்கு பசை இளகி எங்கியோ தெறிச்சு போச்சு. இப்ப தகர பட்டையில இறுக்கி வீல் போல்ட்டோட பூட்டியிருக்கேன். ரீட் ஸ்விட்ச் காலு ரெண்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டுனா சுருங்கி இறுக்கிக்கிற ட்யூப்) கட்டாயம் போடுங்க, எங்க ஏரியா உப்புக்காத்துக்கு ரெண்டே மாசத்துல பச்ச பூத்துடும்.

மொத ட்ரையல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல. நல்லா எண்ணிகினு வந்துச்சு, 7.4 காட்டும்போது கண்டெய்னர் லாரி வரிசையில மாட்டிகினோம், வண்டி நகரல. நிக்கிற வண்டியில பல்ஸ் வராது, பட்டன் தட்டாம விட்டா தானா ஆஃப் ஆவுற கால்குலேட்டர் அது. கண்ணு முன்னாடியே டிஸ்ப்ளே அணைஞ்சுது, மொத்த தூரமும் போச்சு. மச்சான் ஒண்ணும் பேசல, நோட்ட மூடி வெச்சிட்டான். மறுநாளே ஆட்டோ ஆஃப் இல்லாத கால்குலேட்டர் தேடி வாங்கிட்டேன், நீங்க செஞ்சா மொதல்லயே இத பாத்து வாங்குங்க.

போன ஞாயித்துக்கெழம விடியக்காலையில பொன்னேரி தாண்டி பழவேற்காடு ரோட்டுல கிலோமீட்டர் கல்லுக்கு கல்லு 10 கிலோமீட்டர் ஓட்டி பாத்தோம், 9.94 காட்டுச்சு. நம்பர 0.00839 ஆக்கிட்டு அதே ரூட்டுல திரும்பி வந்தோம். கடைசி கல்லு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே மச்சான் சத்தமா படிச்சிகினு வந்தான், 9.97, 9.98, 9.99, கல்லு என் கதவு தாண்டும்போது "பத்துடா!"ன்னு டேஷ்போர்ட தட்டுனான்.