தேதிப்படி டிராகுலா: மே முதல் செப்டம்பர் வரை

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வெளிவந்தது. நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்திதான். கல்லூரிக் காலத்தில் ஒரே மூச்சில் படித்திருக்கிறேன். இந்த வருடம் வேறு மாதிரி படிக்கிறேன்: எந்தப் பதிவுக்கு என்ன தேதியோ, அந்தத் தேதியில்தான் அதைப் படிப்பது. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மூலத்தைத் தேதிவாரியாகப் பிரித்து, போன் காலண்டரில் போட்டுக்கொண்டேன். முதல் பதிவு மே 3, கடைசி நவம்பர் 6.

மே

எக்ஸிடர் நகரத்திலிருந்து போன இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர், ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் டிரான்சில்வேனியா கோட்டையில் மாட்டிக்கொள்ளும் மாதம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவனிடமிருந்து ஏதாவது வருகிறது. மே 8 பதிவை இரண்டு முறை படித்தேன். சவரம் செய்துகொண்டிருக்கிறான், பின்னால் வந்து நிற்கும் பிரபுவின் உருவம் கண்ணாடியில் தெரியவில்லை. கத்தி பட்டு முகவாயில் ரத்தம். பிரபு அவன் கழுத்துக்குப் பாய்கிறார், கை சிலுவை மாலையில் பட்டதும் அடங்கிவிடுகிறார். அப்புறம் கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிகிறார். அந்த நேரத்திலும் ஜோனதனுக்கு, இனி எதைப் பார்த்துச் சவரம் செய்வது என்று கவலை. கைக்கடக்கமான கடிகாரத்தின் மூடியோ, சவரக் கிண்ணத்தின் அடிப்பாகமோதான் கதி. இவ்வளவு பயத்திலும் மனிதனுக்கு அன்றாடம் விடுவதில்லை என்பதை ஸ்டோக்கர் நன்றாகப் பிடித்திருக்கிறார்.

ஜூன்

இந்த முறை என்னை உலுக்கிய மாதம் இதுதான். மே 19 அன்று பிரபு மூன்று கடிதங்கள் எழுதச் சொல்கிறார்: வேலை முடியப்போகிறது, நாளை கிளம்புகிறேன், கோட்டையை விட்டு வந்துவிட்டேன் என்று. என்ன தேதி போட வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார்: ஜூன் 12, 19, 29. தன் ஆயுள் எதுவரை என்பது ஜோனதனுக்கு அப்போதே புரிந்துவிடுகிறது. புத்தகமாகப் படித்தபோது இது எனக்கு ஒரு தகவலாகத்தான் பட்டது. இப்போது மே 31-க்குப் பிறகு ஜூன் 17 வரை அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. நடுவில் 12-ஆம் தேதி வந்து போனது. வேலைக்குப் போகும் வழியில் தேதியைப் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. ஜூன் 30-இல் சுவரைப் பிடித்து இறங்கித் தப்பப் போவதாக எழுதுகிறான், அதோடு சரி.

ஜூலை, ஆகஸ்ட்

பிரபு ஒளிந்து இங்கிலாந்துக்கு வரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேடு, புத்தகத்தில் கப்பல் அங்குள்ள விட்பி என்ற கடற்கரை ஊரில் மோதிய பிறகுதான் வரும். தேதிப்படி பார்த்தால் ஜூலை 6-இலேயே வார்னா துறைமுகத்திலிருந்து கிளம்பிவிடுகிறது, சரக்கில் மண் பெட்டிகள். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். ஜூலை 24 அன்று இன்னொருவரையும் காணோம், இந்தக் கப்பலுக்கு ஏதோ கேடு பிடித்திருக்கிறது என்று கேப்டன் எழுதுகிறார். அதே ஜூலை 24-இல் ஜோனதனுக்கு நிச்சயமான மினா விட்பிக்கு வந்து இறங்குகிறாள். ஸ்டேஷனுக்கு அழைக்க வந்த தோழி லூசி முன்னைவிட அழகாக இருக்கிறாளாம். இரண்டையும் ஒரே நாளில் படித்தபோது, ஓடிப் போய் அந்தப் பெண்களிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

கப்பல் கரையில் மோதும்போது அதில் என்ன இருக்கிறது என்ற மர்மம் இந்த முறையில் போய்விடுகிறது என்பது உண்மை. முதல்முறை படிப்பவர்கள் புத்தக வரிசையிலேயே படிப்பது நல்லது.

ஜோனதனிடமிருந்து கிளம்புகிறேன் என்று ஒரே ஒரு வரி வருகிறது, அவன் இப்படி எழுதுகிறவன் இல்லையே என்று மினா தவிக்கிறாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி புடாபெஸ்ட் மருத்துவமனையிலிருந்து அவள் கைக்கு வருவது ஆகஸ்ட் 19-இல். அதுவரை நானும் அவளோடு காத்திருந்தேன்.

செப்டம்பர்

20-ஆம் தேதி லூசி இறந்துவிடுகிறாள். மாதக் கடைசியில் கதை மினா கைக்கு வருகிறது. லூசிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சீவர்ட் தன் நாட்குறிப்பை போனோகிராஃப் என்ற அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார், வேண்டிய இடத்தைத் தேடி எடுக்க அவருக்கே வழி தெரியாது. மினா அதைக் கேட்டுக் கேட்டு டைப் செய்கிறாள், மூன்று பிரதிகள் எடுக்கிறாள். எல்லோருடைய குறிப்புகளையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும், இதில் தேதிதான் எல்லாம் என்கிறாள். மே மாதத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டு வந்த நூலை அவள் 1897-இலேயே பிடித்திருக்கிறாள்! டிராகுலாவை வேட்டையாடியது சீவர்ட்டின் குருவான பேராசிரியர் வான் ஹெல்சிங் என்று சினிமாக்கள் நம்ப வைத்துவிட்டன. என் கணக்கில் அது மினாவின் டைப்ரைட்டர். பிரபு வந்து காகிதங்களையும் போனோகிராஃப் உருளைகளையும் நெருப்பில் போடும் இரவில், பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும் இன்னொரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது.

அடுத்து அக்டோபர். 3-ஆம் தேதிக்கு மட்டும் பக்கங்கள் ஏராளம், அதைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்திருக்கிறேன்.