டர்பனிலிருந்து ஜார்ஜுக்கு, ரேஸ் சேரோடு

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிலர், அந்நாட்டின் தெற்கே உள்ள ஜார்ஜ் நகருக்குப் போக மூட்டை கட்டுவார்கள். அங்கே பிப்ரவரியில் நடக்கும் அவுட்டெனிக்வா சக்கர நாற்காலிப் பந்தயத்தில் முழு மாரத்தானும் உண்டு, அரை மாரத்தானும் உண்டு. என்2 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டுவது வீண் வீம்பு.

எதில் ஏற்றுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரேஸ் சேருக்கு, அதாவது பந்தயச் சக்கர நாற்காலிக்கு, மூன்று சக்கரம், நீண்ட மூக்கு. பின்சக்கரம் 70 செ.மீ.யையும் முன்சக்கரம் 50 செ.மீ.யையும் தாண்டக்கூடாது, கியரோ லீவரோ கூடாது என்பது சர்வதேச விதி. சின்னக் காரில் அடங்காது. மூடி போட்ட பக்கி (பிக்கப் வண்டி)தான் சரி. பின்சக்கரங்களைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நாற்காலியின் ஃப்ரேமுக்கு அடியில் பழைய மெத்தை ஒன்று. இடம் இருக்கிறதே என்று அக்கா சாப்பாட்டுக் கூடையைச் சக்கரத்தின்மேல் வைக்க வந்தால் சிரித்துக்கொண்டே வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில்தான் பெரும்பாலும் வம்பு. ரிம்மில் பசை போட்டு ஒட்டிய ட்யூபுலர் டயர், 10 பார் அளவுக்குக் காற்று. வெயிலில் நின்ற வண்டிக்குள் காற்றழுத்தம் கூடுவதைவிடப் பசை இளகுவதே ஆபத்து. டயர் நகர்ந்து, வளைவில் கழன்றுவிடும். கிளம்பும்போது பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ரிம் ஓரம் தெரிந்தால் மறுபடி ஒட்டியாக வேண்டும். பசை காய ஓர் இரவு பிடிக்கும். அதனால் பந்தயத்துக்கு முந்தின நாள் மாலையில் போய் இறங்காதீர்கள்.

கோக்ஸ்டாட், ம்தாதா வழியில் குழிகளும் மாடுகளும் அதிகம். இருட்டியபின் வேண்டாம். வழியில் வரும் கெபெர்ஹாவின் (பழைய போர்ட் எலிசபெத்) மலபார் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சொந்தம் இருந்தால் இரவு அங்கே தங்கலாம். அதன்பின் ஜார்ஜ் சுமார் 330 கிலோமீட்டர்தான், சாலையும் நல்ல சாலை.

தென்னாப்பிரிக்காவில் இந்த ஆட்டத்தின் பெரும்பெயர் சீரெஸில் பிறந்த எர்ன்ஸ்ட் வான் டைக். பாஸ்டன் மாரத்தானின் நாற்காலிப் பிரிவில் பத்து முறை முதலிடம். 2004-இல் 1 மணி 18 நிமிடம் 27 வினாடி. அவர் தலைமுறைக்கு வழி திறந்ததே தாமதமாகத்தான். 1976-இல் டொராண்டோ பாராலிம்பிக் போட்டிக்கு எல்லா இனத்தவரும் கலந்த அணியை அனுப்பியும், நிறவெறி அரசு என்பதால் பல நாடுகள் விலகின. 1980-இலிருந்து கதவு மூடியே இருந்தது. 1992 பார்சிலோனாவில்தான் மறுபடி நுழைந்தார்கள். 2024 பாரிஸில் நாட்டுக்குக் கிடைத்த இரண்டு தங்கமும் (எம்புமெலேலோ ம்லோங்கோவின் 100 மீட்டர், சிமோனே க்ரூகரின் வட்டெறிதல்) நாற்காலி தேவைப்படாத போட்டிகளில் வந்தவை. சேரின் விலையைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

ஜார்ஜில் சக்கரங்களை மாட்டியதும் இரண்டு சோதனை. அச்சின் உயரத்தில், பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் டயர் தேய்த்துக்கொண்டே போகும், ஓட்டுபவர் தன் கைக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். அடுத்து, சமதரையில் பத்து மீட்டர் கைவிட்டு உருட்டுங்கள். இடப்பக்கம் இழுத்தால் காம்பென்சேட்டர் (முன்சக்கரத்தை வளைவுக்குத் திருப்பி வைக்கும் கருவி) தட்டுப்பட்டு, மைதான வளைவுக்கான நிலையிலேயே நிற்கிறது என்று அர்த்தம். நேராக்கிவிடுங்கள்.

ஜார்ஜில் எந்த மாதமும் மழை வரும். சக்கரத்தைத் தள்ளும் கைவளையம் நனைந்தால் கையுறை வழுக்கும். பனிச்சறுக்குக்காரர்கள் பூசும் கிளிஸ்டர் மெழுகைக் கையுறையில் மெல்லிசாகத் தேய்த்தால் பிடிக்கும். தலைக்கவசத்தை மறந்துவிட்டால் சாலைப் பந்தயத்தில் தொடக்கக் கோட்டில் நிற்கவே விடமாட்டார்கள்.